ஐந்து பங்குத் தமிழ் ஏன் மெலிந்து தெரிகிறது?

சென்னைப் பல்லாவரத்தில் பேருந்து ஏறி ஜிஎஸ்டி சாலை வழியே பெருங்களத்தூர் போகிறவர் கண்ணில், கடைப் பலகைகளின் ஆங்கிலப் பெயர்தான் பெரும்பாலும் முதலில் விழுகிறது. தமிழ்ப் பெயரும் அதே பலகையில், அதற்கு மேலேயே இருக்கிறது. தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று, பிற மொழிக்கு இரண்டு என்று தமிழ்நாட்டில் விதியே உண்டு. அந்த விதி இடத்தைப் பங்கிடுகிறது. எழுத்தின் கனத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஒல்லியான ஐந்து பங்குத் தமிழைத் தடித்த மூன்று பங்கு ஆங்கிலம் சுலபமாக அமுக்கிவிடுகிறது.

இதற்குக் கடைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. தமிழ் எழுத்தைத் தடிக்க வைப்பது கடினமான வேலை. 'ண' என்ற ஓர் எழுத்துக்குள்ளேயே எத்தனை சுழிகள்! 'பெருங்களத்தூர்' என்று எழுத எட்டு எழுத்துகள் வேண்டும். அதில் மூன்றுக்குப் புள்ளி. புத்தகத்துக்கென வரைந்த எழுத்துருவைப் பெரிதாக்கி, கனம் போதவில்லை என்று ஃபிளெக்ஸ் கடையில் சுற்றிலும் ஒரு கோடு ஏற்றினால் சுழிகள் அடைபடுகின்றன. புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. தள்ளி நின்று பார்ப்பவருக்கு 'வண்டலூர்' என்பதன் நடுவே ஒரு மைக்கறைதான் தெரியும். கனத்தை வரையும்போதே கொடுக்க வேண்டும். வளைவு நெருங்கும் இடத்தில் கோட்டை மெலியவிட்டு, சுழிக்குள் வெளிச்சம் நிற்கச் செய்ய வேண்டும்.

மும்பையின் ஏக் டைப் குழு 2016-இல் வெளியிட்ட பாலூ எழுத்துருக் குடும்பத்தை நான் முக்கியமாகக் கருதுவது இதனால்தான். பாலூ என்பது ஜங்கிள் புக் கரடியின் பெயர். முனைகள் உருண்ட, புசுபுசுவென்ற தடித்த எழுத்து. ஒன்பது இந்திய எழுத்துமுறைகளுக்கும் உருதுவுக்கும் தனித்தனி எழுத்துரு, பெரும்பாலானவற்றுக்கு ஓர் உறவுப் பெயர்: மலையாளத்துக்குச் சேட்டன், வங்காளத்துக்கு தா, தமிழுக்குத் தம்பி. பாலூ தம்பியின் தமிழை வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன். அதில் தமிழும் ஆங்கிலமும் ஒரே கனத்தில், ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வரையப்பட்டவை. ஐந்துக்கு மூன்று என்று அமைத்தால் கண்ணுக்கும் ஐந்துக்கு மூன்றாகவே தெரியும். விதி கேட்டதும் அதைத்தானே? திறந்த உரிமத்தில் வந்திருப்பதால் காசும் கொடுக்க வேண்டியதில்லை.

உருண்டை எழுத்து குழந்தைத்தனமாக இருக்கிறது, மதிப்பைக் குறைக்கும் என்பார்கள். மருத்துவமனைக்கும் வக்கீல் அலுவலகத்துக்கும் இது ஆகாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் சேலையூரிலும் மேடவாக்கத்திலும் தெருவை நிறைப்பவை பேக்கரியும் மழலையர் பள்ளியும் ஜூஸ் கடையும்தான். அவற்றுக்குக் கம்பீரத்தைவிட கலகலப்பு பொருந்தும். எல்லாப் பலகையும் ஒரே முகமாகிவிடும் என்ற அச்சம் நியாயமானது. பின்னர் வந்த பாலூ 2-இல் ஐந்து கனங்கள் இருப்பது கொஞ்சம் கைகொடுக்கும். இத்தகைய தடித்த தமிழ் எழுத்துருக்கள் இன்னும் பல வருவதே முழுத் தீர்வு. நீண்ட பெயருக்கும் சிறிய வரிக்கும் பாலூவைப் போடக்கூடாது. கடையின் பெயருக்கு மட்டும் வைத்துக்கொண்டு, முகவரியை மெல்லிய எழுத்தில் விடுவது நல்லது.

வலுவான தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஃபிளெக்ஸ் கடைக் கணினிகளில் பாமினி போன்ற பழைய குறியேற்ற எழுத்துருக்களே பழக்கம். யூனிகோடு எழுத்துருவைப் பழைய மென்பொருளில் போட்டால் 'கொ' உடைந்து கொம்பு இடம் மாறி நிற்கும். அச்சடிப்பவர் அதைப் பார்த்துவிட்டுப் பழையதற்கே திரும்புவதில் வியப்பில்லை. ஆனால் இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் புதிய மென்பொருளில் இந்தச் சிக்கல் இல்லை. கடைக்காரர் கைபேசியில் தட்டி அனுப்பும் பெயரே யூனிகோடில்தான் வருகிறது. அதை அப்படியே ஒட்டி, எழுத்துருவை மாற்றினால் போதும்.