குப்பைக்கு ஓர் இடம்

நகரம் வளர வளர அதன் கழிவும் வளர்கிறது. அக்கழிவை எங்கே சேர்ப்பது என்பது உள்ளாட்சி அமைப்புகள் எதிர்கொள்ளும் கடினமான வினாக்களுள் ஒன்று. இடத்தேர்வில் நேரும் பிழையைப் பின்வரும் தலைமுறைகளும் சுமக்க நேரிடும்.

சென்னையின் பெருங்குடி இதற்குச் சான்றாகும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் மழைநீரை உள்வாங்கி வெள்ளத்தைத் தணிப்பது. வலசை வரும் பறவைகளுக்குப் புகலிடமாவது. அதன் ஒரு பகுதியே மாநகரின் குப்பைமேடாயிற்று. அதே சதுப்புநிலம் 2022ஆம் ஆண்டில் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. பழைய குப்பையை அகழ்ந்து, சலித்து, தரம்பிரித்து நிலத்தை மீட்கப் பெரும்பொருள் செலவிடப்பட்டுள்ளது.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இடத்தேர்வுக்கு வரையறை வகுத்தன. கழிவு நிரப்பிடம் ஆற்றிலிருந்து 100 மீட்டரும், குளம், குடியிருப்பு, நெடுஞ்சாலை, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டரும் விலகியிருத்தல் வேண்டும் என அவை விதித்தன. சதுப்புநிலத்திலும் வெள்ளச் சமவெளியிலும் அதனை அமைத்தல் கூடாது என்றன. கழிவிலிருந்து வடியும் நச்சுநீர் நிலத்தடி நீரில் கலவாதவாறு அடித்தளத்தில் களிமண்ணும் நெகிழி விரிப்பும் பரப்பப்படும்.

இவ்வரையறைகளுக்குப் பொருந்தும் நிலம் நகருக்குள் அரிது. ஆகவே, திட்டங்கள் பெரும்பாலும் புறநகர்ச் சிற்றூர்களை நாடுகின்றன. பயன் நகருக்கும் சுமை சிற்றூருக்கும் என்பது நீதியாகாது. அவ்வூர் மக்களின் கருத்தைக் கேட்பதும் திட்டமிடலின் பகுதியே.

மட்கும் குப்பை, மட்காத குப்பை, வீட்டிலுள்ள தீங்கு தரும் குப்பை என வீட்டிலேயே பிரித்தால், மட்குவது உரமாகும். மட்காதவற்றுள் பெரும்பகுதி மறுசுழற்சிக்குச் செல்லும். எஞ்சுவதற்கு மட்டுமே நிரப்பிடம் தேவைப்படும். புதிய இடத்தைத் தேடுமுன், தேவைப்படும் இடத்தின் அளவைக் குறைப்பதே முதற்படியாகும்.