ஊர் பெயரே வம்சப் பெயர் ஆனது! கிரிக்கெட் வீரர் பெயருக்குள் டச்சு நகரம்

சேலம்—
2006-ல் பர்மிங்காம் டெஸ்டில் இங்கிலாந்துக்கு எதிராக 105 ரன் குவித்தாரே இலங்கை வீரர் மைக்கேல் வான்டோர்ட், நினைவிருக்கிறதா? நெட்டை ஆள். 'இதென்னப்பா பெயர்? சிங்களமும் இல்லை, தமிழும் இல்லை' என்று கேட்கத் தோன்றும்.

பெயரை இரண்டாகப் பிரித்தால் குட்டு உடைந்துவிடும். 'வான்' என்றால் டச்சு மொழியில் 'இந்த ஊரிலிருந்து' என்று அர்த்தம். 'டோர்ட்' என்பது நெதர்லாந்தில் உள்ள டோர்ட்ரெக்ட் நகரின் சுருக்கப் பெயர். ஆக, டோர்ட்டுக்காரர். அவ்வளவுதான்! சேலம் விஜயராகவாச்சாரியார், நாமக்கல் கவிஞர் என்று நாம் சொல்வதில்லையா? (கவிஞர் பிறந்தது மோகனூரில் என்பது வேறு விஷயம்.) நம்மூரில் அந்த அடைமொழி அவரோடு நின்றுவிடும். அங்கே பிள்ளை, பேரன் என்று ஒட்டிக்கொண்டு வந்தது.

யார் இந்த பர்கர்?

டச்சுக்காரர்கள் 1656-ல் கொழும்பைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். 1796-ல் இங்கிலீஷ்காரனிடம் பறிகொடுத்தார்கள். கம்பெனி சிப்பாயாக, குமாஸ்தாவாக வந்தவர்களில் பலர் அங்கேயே கல்யாணம் செய்து தங்கிவிட்டார்கள். அந்த வாரிசுகள்தான் 'பர்கர்'கள். ஓட்டலில் விற்கும் பர்கர் அல்ல! டச்சு மொழியில் நகரவாசி என்று பொருள்.

'ஜான்ஸ்' என்று இன்னொரு பர்கர் பெயர். 'யான் என்பவரின் மகன்' என்பதன் சுருக்கம். நம்ம இனிஷியல் மாதிரிதான். அப்பா பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாற வேண்டியது, ஒரு கட்டத்தில் உறைந்து வம்சப் பெயராகிவிட்டது.

பெயரே பாஸ்போர்ட்!

1956-ல் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. இங்கிலீஷ் பேசி ஆபீஸ் உத்தியோகம் பார்த்த பர்கர்கள் தலையில் இடி! பலர் ஆஸ்திரேலியாவுக்கு மூட்டை கட்டினார்கள். அங்கேயோ அப்போது வெள்ளைக்காரருக்குத்தான் கதவு திறக்கும். கலப்பு வம்சம் என்றால் முக்கால் பங்கு ஐரோப்பிய ரத்தம் என்று காட்ட வேண்டும். தோலின் நிறத்தையும் பார்த்தார்கள்.

அப்போதுதான் பழைய காகிதத்துக்கு மவுசு வந்தது. 1908-ல் கொழும்பில் தொடங்கிய டச்சு பர்கர் யூனியன், குடும்பங்களின் வம்ச அட்டவணையை அச்சடித்து வைத்திருந்தது. கப்பலில் வந்த பாட்டன் பெயர் அதில் இருந்தால் கை கொடுக்கும். பாட்டிகள் பலர் உள்ளூரில் பிறந்தவர்கள். அவர்கள் ஊரும் பெயரும் எந்த வம்சப் பெயரிலும் ஏறவில்லை.

ஆஸ்திரேலியா 1973-ல்தான் நிறம் பார்ப்பதை அடியோடு விட்டது. போகாமல் தங்கிய குடும்பங்களும் உண்டு. மைக்கேல் வான்டோர்ட் 1980-ல் பிறந்தது கொழும்பில். இலங்கைக்காக 20 டெஸ்ட் ஆடினார்.