ஏ போட்டியும் மொறிஸ் மைனரும்

யாழ்ப்பாணத்து வீதிகளிலே ‘ஏ போட்டி’ எனப் பெயர்பெற்ற ஒஸ்ரின் சொமசெற் காரைக் கண்டு நின்று நோக்குவார் இன்றும் உளர். 1952 முதல் 1954 வரையே இங்கிலாந்தில் இயற்றப்பெற்ற வண்டி அது. உருண்ட முகமும் திரண்ட தோளும் உடையது. அதனோடு வைத்தெண்ணத்தக்கது மொறிஸ் மைனர். 1948 இல் வெளிவந்த அவ்வண்டியின் முன்மாதிரி ஒடுங்கித் தோன்றிற்றென்று, அதனை வகுத்த அலெக் இசிகோனிஸ் நெடுக அறுப்பித்து நான்கு அங்குலம் அகட்டுவித்தார். பொனற்றின் நடுவே ஓடும் பட்டி அவ்வறுப்பின் சுவடே.

இவற்றை வெறுங் காட்சிப்பொருளென எண்ணுதல் தவறு. 1990 இன் பின் பொருளாதாரத் தடையாற் பெற்றோல் அரிதாகியபோது, புதிய வண்டிகள் பல கொட்டிலில் உறங்க, இக்கிழங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அமுக்கம் குறைந்த பழைய இயந்திரமாதலின் அவ்வெண்ணெயையும் அஃது ஏற்றது. முதலிற் சிறிது பெற்றோல் வார்த்து இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். புகை வீதியை மறைக்கும், கண் எரியும். ஆயினும், நள்ளிரவிற் பேறுகால வேதனையுற்ற பெண்களை ஆசுபத்திரி சேர்த்த வண்டிகளுள் இவையும் இருந்தன. அந்நாளில் யார்தாம் புகையை நொந்தார்!

அண்மையில் ஏ போட்டி ஒன்று புதுச் சாயமும் யப்பானிய இயந்திரமும் பூண்டு மணமகனை ஏற்றிச் செல்லக் கண்டேன். அழகுதான், எனினும் அதன் பழைய முனகலையே என் செவி தேடிற்று.