ஆங்கிலத்தில் ‘நாம்’ எது, ‘நாங்கள்’ எது?

பாலக்காட்டுச் சித்தூரிலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலும் வாழும் நம் சிறுவர்கள், வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசியவாறே ஆங்கில இலக்கணம் கற்கின்றனர். பிரதிப்பெயர்களைப் பொறுத்தவரை, தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் பகுப்பு அவர்களுக்கு எளிதில் விளங்கும். இடர் தருவது ‘வீ’ என்னும் சிறு சொல்லே. கேட்பவரையும் உளப்படுத்தினால் ‘நாம்’, விலக்கினால் ‘நாங்கள்’ என்கிறோம். மலையாளத்தாரும் ‘நம்மள்’, ‘ஞங்ஙள்’ எனப் பிரிப்பர். ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் ‘வீ’ ஒன்றே. ஆதலால் அதிகாரிக்கு ஆங்கிலத்தில் மனு எழுதுவோர், ‘வீ’ என்றதை அடுத்து ‘இத்தோட்டத் தொழிலாளர்’ என்றாற்போல் தம்மை இன்னாரெனக் குறிப்பது நன்று.

ஆசிரியர் ஒருவரை ‘தே’ என்று எழுதும் பிள்ளையைக் கடிய வேண்டா. ‘அவர்’ என்னும் நம் மரியாதைப் பன்மையே அங்கு புகுந்துள்ளது. ஆங்கிலத்தில் அவர் ‘ஹீ’ அல்லது ‘ஷீ’. பால் தெரியாவிடத்து ‘தே’ ஒருவருக்கும் வருவதுண்டு, மரியாதைக்கு வருவதில்லை.