உங்களுக்குத் தெரியுமா? – வூடாங் மலை

சீனாவின் ஹூபெய் மாகாணத்தில், தாவோ மதத்தவர் புனிதமாகப் போற்றும் மலை வூடாங். இங்குள்ள பழங்கோயில்களை 1994-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

● மலையின் தெய்வம்: இங்கே முதன்மைத் தெய்வம் ஜென்வூ. வடதிசையின் அதிபதி, வீரக் கடவுள். ஆமையும் அதைச் சுற்றிய பாம்பும் அவருடைய அடையாளம்.

● உலக்கை ஊசியாகுமா?: தெய்வமாவதற்கு முன் இளவரசராக இருந்த ஜென்வூ, தவம் பலிக்கவில்லையே என்று மலையை விட்டு இறங்கினாராம். வழியில் ஒரு பாட்டி இரும்பு உலக்கையைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டால், ஊசி செய்யவாம்! இளவரசர் அப்படியே திரும்பி மலையேறிவிட்டார். அந்தக் கதையின் பெயரிலேயே, 'ஊசி தேய்த்த கிணறு' என்று ஒரு கோயில் இங்கு உண்டு.

● ஒரே அரசர், இரண்டு பெரும்பணி: பீஜிங்கில் அரண்மனை நகரைக் கட்டிய மிங் பேரரசர் யோங்லெதான், 1412 முதல் இங்கே கோயில்களை வரிசையாக எழுப்பினார்.

● உச்சியில் தங்கம்: 1,612 மீட்டர் உயரச் சிகரத்தில் நிற்கும் தங்க மண்டபம் 1416-இல் அமைந்தது. பார்த்தால் மரக் கட்டடம் போலிருக்கும். தூண் முதல் கூரை ஓடு வரை தங்க முலாம் பூசிய வெண்கலம். பாகங்களை பீஜிங்கில் வார்த்து, படகில் ஏற்றி, கால்வாயிலும் ஆறுகளிலும் கொண்டுவந்து மலைமேல் பொருத்தினார்கள்.

● மலைமேல் கை வைக்காதே: சிகரத்தைச் சுற்றி மதில் எழுப்பச் சொன்ன யோங்லெ, மலையை இம்மியும் வெட்டக் கூடாது என்று உத்தரவிட்டார். அதனால் பாறை ஏறும் இடத்தில் மதிலும் ஏறுகிறது, இறங்கும் இடத்தில் இறங்குகிறது. இயற்கையோடு இசைந்து போ என்னும் தாவோ நெறியைக் கல்லில் காட்டிய மதில் இது.

● டிராகன் தலையில் ஊதுபத்தி: நான்யான் கோயிலில், அதலபாதாளத்துக்கு மேலே நீட்டி நிற்கிறது ஒரு கல் டிராகன். அதன் தலையில் ஊதுபத்தி ஏற்றப்போய் விழுந்து இறந்தவர்கள் பலர். 1673-இல், காங்ஷி பேரரசர் காலத்தில், இந்த வழிபாட்டுக்குத் தடை வந்தது. பக்தர்களின் உயிரைக் காத்த நல்ல முடிவு!

● எழும்பிய வாசல்: டான்ஜியாங்கோ அணையின் நீர்மட்டம் உயர இருந்ததால், யூஜென் கோயிலின் பழைய நுழைவாயிலை இடிக்காமல் அப்படியே 15 மீட்டர் தூக்கி நிறுத்தினார்கள்.

● போகிறவர்களுக்கு: சிகரத்தின் அருகே வரை ரோப் கார் உண்டு. முடிந்தவர்கள் பழைய கல் படிகளில், மூன்று 'வான வாசல்'களையும் கடந்து ஏறுங்கள். மலை வளைகிற பக்கமெல்லாம் படியும் வளையும். யோங்லெயின் உத்தரவு எவ்வளவு சரி என்பதை நடக்கிற கால்களே சொல்லும்.