மஞ்சள் விளக்கு சொல்லும் செய்தி

பெரம்பலூரையும் அரியலூரையும் சுற்றியுள்ள நிலம் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்தது. அக்கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்லே இன்று அரியலூர்ப் பகுதியின் சிமெண்டு ஆலைகளுக்கு மூலப்பொருள். கல் ஏற்றிய லாரிகள் ஓடும் சாலைகளில் புழுதிக்குப் பஞ்சமில்லை. அந்தப் புழுதி ஒரு காரின் எஞ்சினுக்குள் புகுந்தால் என்ன நேரும்? அதை எஞ்சின் நமக்கு எவ்வாறு தெரிவிக்கும்? பார்ப்போம்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. இந்த விகிதத்தைக் காப்பது காரில் உள்ள சிறு கணிப்பொறியின் வேலை. பல கார்களில், காற்று வரும் வழியில் சூடேற்றப்பட்ட மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். காற்று அதைக் குளிர்விக்கும். அதன் வெப்பநிலை குறையாமலிருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதைக் கொண்டு, நுழையும் காற்றின் அளவு அறியப்படுகிறது. அதற்கேற்பப் பெட்ரோல் பீச்சப்படுகிறது.

கணக்குச் சரிதானா என்று சோதிக்கப் புகைக்குழாயில் ஆக்சிஜன் உணர்கருவி உள்ளது. புகையில் ஆக்சிஜன் மிஞ்சினால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். கணிப்பொறி உடனே பெட்ரோலைக் கூட்டும். இந்தத் திருத்தம் 20, 25 சதவீதம் என்று வரம்பு மீறிப் போனால், எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரியும். 'பி 0171' என்ற குறியும் பதிவாகும். 'பி' என்பது எஞ்சின் பகுதி. 0 என்பது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறி. அடுத்த 1 எரிபொருள்–காற்றுக் கணக்கு. 71 குறிப்பிட்ட கோளாறு. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு முதல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமான முறை இது. இந்தியக் கார்களில் 2013-இல் நடைமுறைக்கு வந்தது.

புழுதிச் சாலையில் ஓடிய காரில் இக்குறி வந்திருக்கிறது என்று கொள்வோம். "ஆக்சிஜன் உணர்கருவிதானே புகார் சொல்கிறது? அதையே மாற்றிவிடலாம்" என்று தோன்றும். சில ஆயிரம் ரூபாய் செலவாகும். சில நாளில் விளக்கு மீண்டும் எரியும்! உண்மையைச் சொன்ன கருவியையே குற்றவாளியாக்கிவிட்டோம்.

அப்படியானால் குற்றவாளி யார்? உறிஞ்சு குழாயோடு இணைந்த ரப்பர் குழாயில் விரிசல் கண்டு, அளக்கப்படாத காற்று நுழையலாம். அல்லது, கிழிந்த வடிகட்டி வழியே வந்த புழுதி சூடான கம்பியின்மேல் போர்வைபோல் படிந்திருக்கலாம். அப்போது கம்பி குறைவாகவே குளிரும். காற்றும் குறைவு என்று கணிப்பொறி ஏமாறும்.

இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை உண்டு. குறி படிக்கும் கருவியில் பெட்ரோல் திருத்தத்தின் அளவும் தெரியும். வண்டியை நிறுத்தி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். பிறகு நிமிடத்துக்கு 2,500 சுற்றுகளில் பாருங்கள். மெதுவாக ஓடும்போது எஞ்சின் இழுக்கும் காற்று சொற்பம். விரிசல் வழியே வருவது அதில் பெரும் பங்கு. வேகம் கூடினால் அப்பங்கு சிறுத்துவிடும். ஆகவே திருத்தம் குறைந்தால் விரிசலைத் தேட வேண்டும். மாறாக, வேகத்தில் திருத்தம் கூடினால் கம்பியில் அழுக்கையோ, பெட்ரோல் பம்பின் தளர்ச்சியையோ ஐயுற வேண்டும். அழுக்கானால், அதற்குரிய திரவத்தைத் தெளித்துக் கழுவி, வடிகட்டியை மாற்றினால் போதும். கம்பியைத் துணியால் துடைக்கக் கூடாது; அறுந்துவிடும்.

காரணத்தைக் களையாமல் குறியை மட்டும் அழிப்பதால் பயனில்லை. விளக்கு விட்டுவிட்டு மின்னினாலோ, வண்டியை ஓரமாக நிறுத்துவதே நன்று. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் சென்று எரிந்து, அங்குள்ள விலையுயர்ந்த வினையூக்கியைப் பாழாக்கிக்கொண்டிருக்கலாம்.

உங்களுக்கு ஒரு கேள்வி: வடிகட்டி கிழியாமல், புழுதியால் அடைத்துக்கொண்டால் 'பி 0171' வருமா? பெரும்பாலும் வராது. ஏன்? காற்றை அளக்கும் கம்பி வடிகட்டிக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று யோசித்தால் விடை கிடைக்கும்.