கடன் கணக்கும் கணினி அட்டவணையும்

இரண்டு மூன்று கிளைகள் வைத்திருக்கும் வியாபாரிகள் பலர் இன்று தமது விற்பனை விபரங்களை மைக்ரோசொப்டின் பவர் பீஐ போன்ற பகுப்பாய்வு மென்பொருளில் பார்க்கின்றனர். எந்தச் சரக்கு ஓடுகிறது, எந்தக் கிளை தூங்குகிறது, யார் எவ்வளவு தரவேண்டும் என்பதெல்லாம் கைத்தொலைபேசியிலேயே தெரிகின்றன. நல்ல விடயம்தான். ஆனால் கடைக் கணினியிலுள்ள தரவுகள் அங்கு எப்படிப் போய்ச் சேருகின்றன என்று கேட்கும் முதலாளிமார் குறைவு.

நாளொன்றுக்கு 600 பற்றுச்சீட்டு போடும் வியாபாரத்தில் ஐந்து வருடங்களில் சுமார் பத்து இலட்சம் சீட்டுகள் சேர்ந்துவிடும். ஒவ்வொரு தடவையும் அத்தனையையும் ஏற்றுவது, இன்றைய வரவைப் பதிவதற்காக ஐந்து வருடப் பேரேட்டையும் மறுபடி எழுதுவதற்குச் சமம். எனவே பழையதை விட்டுவிட்டு, அண்மைக் காலத்தை மட்டும் புதுப்பிக்கும் வசதி உண்டு. பவர் பீஐயின் புரோ பாவனையாளருக்கு அது 2020இல் கிடைத்தது.

இதை ஒவ்வொரு அட்டவணைக்கும் தனித்தனியாகவே தீர்மானிக்க வேண்டும். பொருட்களின் பெயரும் விலையும் உள்ள அட்டவணை சிறியது. அதை முழுவதுமாகவே ஏற்றிவிடலாம். விற்பனை அட்டவணையில்தான் வில்லங்கம்.

மார்ச் மாதம் ஒருவர் 85,000 ரூபாவுக்குக் கடனுக்குச் சரக்கு எடுக்கிறார், மே மாதம் பணத்தைச் செலுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக் கணினியில் அந்த மார்ச் சீட்டிலேயே "செலுத்தியாயிற்று" என்று திருத்தப்படுகிறது. ஏற்றும் முறையோ சீட்டுத் திகதியைப் பார்த்துக் கடைசி 10 நாட்களை மட்டும் எடுக்கிறது. மார்ச் பக்கம் அது திரும்புவதே இல்லை. அறிக்கையில் அவர் இன்னமும் கடன்காரர். வசூலுக்குப் பையனை அனுப்புகிறோம். "தம்பி, போன மாசமே கொடுத்து முடிச்சாச்சே!" என்கிறார், நாலு பேர் முன்னிலையில். வாய்ச்சொல்லில் ஓடும் வியாபாரத்தில் இது 85,000 ரூபாவை விடப் பெரிய நட்டம்.

இதற்கு வழி, கொடுத்த பணத்தை வேறொரு அட்டவணையில் அதற்குரிய திகதியுடன் தனி வரியாகப் பதிவதுதான். பழைய கணக்கப்பிள்ளைமார் பேரேட்டில் செய்தது இதையேதான். அது முடியாவிட்டால் புதுப்பிக்கும் காலத்தைக் கடன் தவணையை விட நீட்டி, உதாரணமாக 12 மாதங்களாக வைத்து, மாற்றம் நடந்த மாதங்களை மட்டும் மீள ஏற்றும்படி அமைக்கலாம். அதற்கு ஒவ்வொரு வரியிலும் கடைசியாகத் திருத்திய நேரம் இருக்க வேண்டும். சீட்டொன்றை அடியோடு அழித்தால் இந்த முறைக்கு அது தெரியாமல் போகலாம். ஆகவே அழிக்காமல் "இரத்து" என்று குறிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. காலப்பகுதியின் தொடக்கம், முடிவு என இரு எல்லைகள் உண்டு. எல்லைத் திகதியையும் சேர்த்துக்கொள்ளும் குறி அவற்றில் ஒன்றில் மட்டுமே இருக்கவேண்டும். இரண்டிலும் இருந்தால், மணி இல்லாமல் திகதி மட்டும் பதியும் கடைகளில் முதலாம் திகதி விற்பனை இரு தடவை கூட்டப்படும். இலாபம் கூடியதென்று மகிழ்ந்து கொள்முதலுக்கு ஓர்டர் கொடுப்பவரும் இருப்பார்!

தரவுகள் எக்ஸெல் கோப்பில் இருந்தால் இந்த வசதியால் பெரிய பயனில்லை. எப்படியும் முழுக் கோப்பையும் வாசித்தாக வேண்டும். எஸ்கியூஎல் போன்ற தரவுத்தளமாக இருந்தால்தான் வேண்டிய வரிகளை மட்டும் கேட்டு வாங்கலாம். மென்பொருள்காரர் அறிக்கையைத் திருத்தி மீண்டும் வெளியிட்டால், ஏற்றிவைத்த பழைய பகுதிகள் நீங்கி, அடுத்த தடவை ஐந்து வருடமும் முதலிலிருந்து ஏறும். அந்த வேலையைப் பெருநாள் வியாபார வாரத்தில் செய்ய விடாதீர்கள்.